கதவுக்கு வெளியே மோகனம்

என் மனைவி வயலின் வாசிப்பதை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்துதான் கேட்டேன். அது அவளுக்குத் தெரியாது.

ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடியில் எங்கள் வீடு. மின்தூக்கியை விட்டு வெளியே வந்தால் நீண்ட நடைவழி. ஒரு பக்கம் வரிசையாக இரும்புக் கிரில் கதவுகள். மறுபக்கம் இடுப்பளவுச் சுவர், அதற்கப்பால் வெறும் காற்றும் கடலும். தெளிந்த நாளில் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் மலை நீலமாகத் தெரியும். மழை வருவதென்றால் முதலில் மலை காணாமல் போகும், பிறகு பாலம், பிறகு கடல். மலை மறைந்த பின் மழை எங்கள் சுவரைத் தொட எப்படியும் கால் மணி நேரம் ஆகும். பலமுறை பார்த்துக் குறித்திருக்கிறேன்.

குறித்து வைப்பது என் பழக்கம். ஆண்டுப் பிறப்புக்கு இரும்புக்கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கும் டைரியில், கல்யாணமான நாள் முதல் ஒரு நாள் விடாமல் எழுதி வருகிறேன். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, வானம் எப்படி இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. "மழ பெஞ்சதையும் மீன் வாங்குனதையும் எழுதி வெச்சி யாருக்குங்க ஆவப்போவுது?" என்பாள் மனைவி. அவள் ஒரு டைரியைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் அவள் அலமாரியின் மேலிருந்து வயலின் பெட்டியை இறக்கியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. பிற்பகல் இரண்டு மணிக்கு நூலகத்துக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்புகிறவன் நான். ஒருநாள் நூலகத்தில் மின்சாரம் போய்விட்டதால் நாலு மணிக்கே வந்துவிட்டேன். சாவியைக் கையில் எடுத்தபோது உள்ளே தந்தியின் மேல் வில் இழையும் ஓசை. சாவியைத் திருப்பியதும் அது நின்றுவிட்டது. உள்ளே போனால் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சீக்கிரம்?"

"லைப்ரரில கரண்ட் இல்ல."

மறுநாள் முதல் நான் நாலு மணிக்கே திரும்பினேன். சாவியை மட்டும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக் கதவுக்கும் அடுத்த வீட்டுக் கதவுக்கும் இடையில், சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்தபடி நின்றேன். உள்ளே அவள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். மோகன ராகம். முதலில் ராகம் மெல்ல விரியும். பிறகு பாட்டு. பாட்டின் கடைசிப் பகுதியில் ஓரிடத்தில் ராகம் மேலே மேலே ஏறிப் போய் நிற்கும். இனி இறங்குமா, இன்னும் ஏறுமா என்று தெரியாது. கீழே சாலையில் மோட்டார் சைக்கிள்கள் ஓடும், ஆனால் அந்த ஒரு கணம் ஒலியில்லாமல் ஓடுவதுபோல் இருக்கும். கடல்மேல் ஒரு கப்பல் போய்க்கொண்டே இருக்கும், ஆனால் நகராது. எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிடம்.

நாலைந்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக் கிரில் சத்தமில்லாமல் நகர்ந்தது. தனியாக இருக்கும் சீனப் பெண்மணி, எழுபதைத் தாண்டியவர். நாங்கள் ஆன்டி என்று கூப்பிடுவோம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து வைத்து, உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். மறுநாள் முக்காலிகள் இரண்டாக இருந்தன.

அவர் மடியில் தவுகே தட்டு இருக்கும். அந்த முளைப்பயறின் வால்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே கேட்பார். ராகம் அந்த உச்சியில் நிற்கும்போது அவர் விரல்களும் நிற்கும். எங்களுக்குள் பேச்சு பாசார் மலாயில், அதாவது சந்தையில் பேசும் கொச்சை மலாயில்தான், தமிழில் எழுதுகிறேன். முதல் வாரம் ஒரே ஒருமுறை, "எங்கம்மா தாலாட்டு இப்படித்தான் இருக்கும் லா, அங்கிள்," என்றார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிடுவோம். பார்சல் கொண்டுவருகிறவரை ஆன்டி உதட்டில் விரல் வைத்து நிறுத்துவார். அவரும் பாட்டு முடியும்வரை பெட்டியை மார்போடு அணைத்தபடி நிற்பார். ஐந்து மணிக்கு முக்காலிகள் உள்ளே போய்விடும். நான் சாவியைச் சத்தமாக எடுப்பேன்.

அவள் ஏன் ஒளித்து வாசித்தாள் என்பது எனக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், சிம்பாங் அம்பாட்டில் என் பெரியப்பா வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. புது மருமகள் வயலின் வாசிப்பாளாமே என்று கேட்டு அவளைப் பாயில் உட்கார வைத்தார்கள். பாட்டு பாதி வந்திருக்கும். பெரியம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து, "சாப்பாடு ஆறுது, எல்லாரும் வாங்க!" என்றார். எங்கள் குடும்பங்களில் சாப்பிடக் கூப்பிட்ட பிறகு உட்கார்ந்திருப்பது சமைத்தவரை அவமதிப்பது. எல்லாரும் எழுந்தார்கள். அவள் காலிப் பாய்களுக்கு இன்னும் நாலு வரி வாசித்துவிட்டுப் பெட்டியை மூடினாள். பெட்டியின் இரண்டு கொக்கிகளும் விழுந்த ஓசை பந்தியில் இருந்த எனக்குக் கேட்டது. ஆம், நானும் எழுந்துபோனவன்தான்.

நடைவழியில் நின்ற அந்த முதல் நாள், பழைய டைரியைத் தேடி எடுத்தேன். அந்தத் தேதியில் என் கையெழுத்தில் இருந்தது இது: "மதிய உணவு 1.10. சொதி நன்று. பிற்பகல் மழை." வயலினைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இந்தத் தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் அவளுடைய அண்ணன், என் மச்சான், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்திருந்தார். மேசைமேல் கிடந்த வயலின் தந்திப் பொட்டலத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்னா தங்கச்சி இது? மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

அவள் காதுவரை சிவந்துபோனாள்.

"அப்ப இந்த வருஷம் ஓப்பன் ஹவுஸ்ல நீ வாசிக்கிற. சும்மா முறுக்கு கடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கறதுக்கு ஒரு பாட்டாவது கேட்டுட்டுப் போறோம் லா."

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு பாட்டு வாசிக்கிறேன். அது முழுசா போயிருச்சின்னா, அடுத்த மாசம் கோயில்ல வாசிக்கிறவங்களோட நானும் ஒக்கார்றேன். பாட்டு டீச்சர் ரொம்ப நாளா கூப்புடுறாங்க. பாதில நின்னுச்சின்னா வயலின அவங்ககிட்டயே குடுத்துர்றேன். யாராச்சும் கத்துக்கட்டும். எனக்கு வேணாம்."

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் ஒரு தாளை எடுத்தேன். வீட்டில் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வது என்று எழுத உட்கார்ந்தேன். அரசவையில் பாட்டுக் கேட்டவர்கள் எப்படி உட்கார்ந்தார்கள் என்றெல்லாம் நூலகத்தில் படித்திருக்கிறேன். வயிறு நிறைந்த உறவினர்கள் எப்படி உட்கார வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. சாப்பாடு பாட்டுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அடுக்களைக் கதவு சாத்தியிருக்க வேண்டும். அழைப்பு மணியின் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். மின்விசிறி இரண்டாம் எண்ணுக்குப் போனாலே கடகடக்கும், ஆகையால் ஒன்றில். தாமதமாக வருகிறவர்களைப் பார்த்து யாரும் "வாங்க வாங்க" என்று சொல்லக் கூடாது, கைகூப்பினால் போதும். அடுத்த வாரம் வந்த மச்சான் இதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வந்தவங்கள வாங்கன்னு சொல்லக்கூடாதா? மாப்ளே, இது தீபாவளியா லைப்ரரியா?"

"பதினோரு நிமிஷந்தான் மச்சான்."

"சரி. ஆஹான்னு சொல்லலாமா, அதுக்கும் பர்மிட் எடுக்கணுமா?"

"சொல்லலாம். மெதுவா."

"எத்தன?"

"ரெண்டு."

"மூணாவது வந்துட்டா முழுங்கிர்றேன்," என்றார்.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு, வீட்டைத் திறந்து வைத்து எல்லாரையும் விருந்துக்கு அழைக்கும் ஓப்பன் ஹவுஸ். ஆன்டியையும் சேர்த்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். இடியப்பம், சொதி, பிரட்டிய மீகூன் சேமியா எல்லாம் இரண்டரை மணிக்குள் முடிந்தன. பாலிக் புலாவிலிருந்து வந்த உறவினர் ஜாதிக்காய்ச் சாறு கொண்டுவந்திருந்தார். அதன் வாசனை கூடத்தில் மிதந்தது. மலை மறைந்துவிட்டதை நான் சன்னல் வழியே பார்த்தேன். பிறகு பாலமும் மறைந்தது. வெளிச்சம் மெல்லப் பச்சையாக மாறி, எல்லாருடைய முகங்களும் தண்ணீருக்குள் இருப்பவைபோல் ஆயின. மச்சானின் பேத்தி அவர் மடியில் தூங்கிவிட்டாள். கைபேசிகள் எல்லாம் ஊமையாகி ஒரு கூடைக்குள் கிடந்தன. மனைவியின் கைபேசி மட்டும் பாயின் ஓரத்தில் சுருதி பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்கால்மேல் வைத்து, வில்லை எடுத்தாள். அப்போது மணி மூன்று பன்னிரண்டு. மனத்தில் குறித்துக்கொண்டேன்.

முதன்முதலாக அந்தப் பாட்டைக் கதவில்லாமல் கேட்டேன். வில்லின் ஓசையோடு அவள் மூச்சும் கேட்டது. மழை வந்து சேர்ந்தது. சன்னல் கண்ணாடிகளில் வழிந்த நீரின் நிழல் அவள் கைமேலும் வில்லின்மேலும் ஓடியது. யார் வாசிக்கிறார்கள், மழையா அவளா என்று ஒரு கணம் மயங்கியது. நனைந்தபடி இருவர் உள்ளே வந்தார்கள். பதினைந்து பேரும் கைகூப்பினார்கள். வந்தவர்கள் ஏதோ கோயிலுக்குள் வந்துவிட்டதுபோல் விழித்து, கைகூப்பி, கதவோரமே உட்கார்ந்துவிட்டார்கள். மச்சானின் வாய் ஒருமுறை திறந்து மூடியது. ஆஹா இல்லை. அவர் அதையும் மறந்திருந்தார்.

பாட்டு கடைசிப் பகுதியை நெருங்கியது. இன்னும் சிறிது நேரத்தில் அந்த உச்சி. சிம்பாங் அம்பாட்டில் நான் எழுதாமல் விட்டதை இன்று நிமிடத்தோடு எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். இடது மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

தலையை நிமிர்த்தியபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடுகளில் விருந்தாளியைப் போகச் சொல்லும் வழக்கம் கிடையாது. வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். விருந்தாளி தானாக எழுந்து செருப்பைத் தேடுவார். தலைமுறை தலைமுறையாக அந்தப் பார்வைக்கு எங்களிடம் வேறு பொருள் இல்லை. என் தாளில் எல்லாம் இருந்தது, இது இல்லை.

அவள் மேலே ஏறவில்லை. வில் ஒரு நொடி தயங்கியது. பிறகு பாட்டின் முதல் வரிக்குத் திரும்பி, அதை மெல்லத் தணித்து, முடித்துவிட்டாள். அவ்வளவு நேர்த்தியாக முடித்ததால் யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

"முழுசா வாசிச்சிட்டா பாத்தீங்களா!" மச்சான் கூவியதில் பேத்தி விழித்துக்கொண்டாள். "யாராச்சும் எந்திரிச்சீங்களா? இல்ல! இருமுனீங்களா? அதுவும் இல்ல!"

அவள் சிரித்தபடி தந்திமேல் படிந்த வெள்ளைப் பொடியைத் துடைத்தாள். வயலினைப் பெட்டியில் வைத்தாள். இரண்டு கொக்கிகளும் விழுந்தன. ஏழு நிமிடம்.

நான் அவள் பின்னால் அடுக்களைக்குப் போனேன்.

"இந்தா பாரு, நான் மணி பாத்தது…"

"டீக்குத் தண்ணி கொதிச்சிருச்சா பாருங்க." குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "எல்லாம் நல்லாத்தான் போச்சி. யாருக்கும் எதுவும் தெரியல. நாளைக்கு டீச்சருக்குப் போன் போட்டு வந்து எடுத்துக்கச் சொல்லணும்."

"நான் சொல்றதக் கேளு."

"சீனிய எங்க வெச்சேன்?"

அப்போதுதான் ஆன்டி காலித் தட்டோடு உள்ளே வந்தார். தட்டைக் கழுவுதொட்டியில் வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்து, "இன்னிக்கி ஏன் குட்டையா முடிச்சிட்ட?" என்று மலாயில் கேட்டார். "மேல போற எடம் வரல லா."

மனைவி திரும்பினாள். "எந்த எடம்?"

ஆன்டி கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி, கிழிந்த குரலில், பல் இல்லாத வாயால், அந்த நாலு சுரங்களை முனகிக் காட்டினார். கை காற்றில் நின்றது, சரியாக எங்கே நிற்க வேண்டுமோ அங்கே.

"நாலு மணிக்கு வாசிக்கிறப்பல்லாம் வருமே. அதுக்காகத்தான அங்கிளும் நானும் ஒக்காந்திருப்போம்."

"எங்க ஒக்காந்திருப்பீங்க?"

"வெளிய லா. முக்காலி போட்டு."

"எத்தன நாளா?"

ஆன்டி என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "மூணு தீபாவளியா," என்று மெல்லச் சொல்லிவிட்டு, கழுவ வேண்டியிராத ஒரு குவளையை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

கெண்டியில் தண்ணீர் கொதித்து மூடி துள்ளியது. யாரும் அணைக்கவில்லை.

"வேர்த்து வழிஞ்சிக்கிட்டு வருவீங்க," என்றாள் மனைவி கடைசியில். "அந்த லைப்ரரில ஏர்கான் இல்லயோன்னு நெனச்சேன். ஒரு சின்னத் துண்டு வாங்கிக் குடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்பறம் ஏன் இன்னிக்கி மணி பாத்தீங்க?"

நான் அறைக்குப் போய் இரண்டு டைரிகளைக் கொண்டுவந்தேன். ஒன்று அந்தப் பழையது. இன்னொன்று இந்த ஆண்டுடையது. அதில் அன்றைய பக்கத்தில் "மோகனம்" என்று காலையிலேயே எழுதி, எதிரே நேரத்துக்கு இடம் விட்டிருந்தேன். அடுப்படியில் நின்றபடியே அவள் இரண்டையும் படித்தாள். புதியதில் சில தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். 4.05 முதல் 4.50 வரை. 4.02 முதல் 4.55 வரை. சாரல், ஆன்டி குடை பிடித்தார். மீண்டும் பழைய டைரிக்கு வந்தாள்.

"சொதி நன்று," என்று சத்தமாகப் படித்தாள். "அந்தச் சொதில உப்பே இல்லீங்க."

டைரிகளை வாங்கிக்கொள்ள நான் கை நீட்டினேன்.

"வாட்ச குடுங்க."

கழற்றிக் கொடுத்தேன். மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் அதை வைத்தாள். "நீங்க முன்னால ஒக்காந்தா எனக்குக் கை வராது. எப்பவும் ஒக்கார்ற எடத்துலயே போய் ஒக்காருங்க."

மழை விட்டிருந்தது. ஆன்டி தன் வீட்டிலிருந்து முக்காலிகளைக் கொண்டுவந்தார். நான் செருப்பு போடாமல் வெளியே போவதைப் பார்த்து மச்சான், "எங்க மாப்ளே கெளம்பிட்டீங்க?" என்றார்.

"பாட்டு கேக்க."

"பாட்டு உள்ள லா!"

"முழுப் பாட்டும் வெளியதான் மச்சான்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு முறுக்கோடு வந்துவிட்டார். அவர் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். ஆன்டி வீட்டு நாற்காலிகள், எங்கள் வீட்டுப் பாய்கள், யாரோ கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி. ஈரச் சுவரோரம் வரிசையாகப் பதினேழு பேர். மனைவி உள்ளிருந்து கிரிலை இழுத்தாள், கதவையும் சாத்தினாள். கொக்கிகள் திறக்கும் ஓசை கேட்டது.

ராகம் முதலிலிருந்து தொடங்கியது. நாலு மணி வெயில் மேகத்துக்கு அடியில் புகுந்து கடலைத் தொட்டது. முதலில் கடல் திரும்பி வந்தது, பிறகு பாலம், பிறகு அக்கரையில் மலை, கழுவி வைத்ததுபோல். அடுத்தடுத்த வீடுகளின் கிரில்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து, முகங்கள் எட்டிப் பார்த்து, அப்படியே நின்றன. யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாட்டு கடைசிப் பகுதிக்குள் நுழைந்து மேலே ஏறியது. ஏறி, நின்றது. மச்சானின் வாய்க்கும் கைக்கும் நடுவே முறுக்கு நின்றது. ஆன்டியின் கை தோளுக்கு மேல் உயர்ந்திருந்தது. என் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அது எவ்வளவு நேரம் நின்றது என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் நேரத்துக்கு விட்ட இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

பிறகு அது இறங்கி வந்தது, முடிந்தது. கொக்கிகள் விழும் ஓசைக்காக நான் காத்திருந்தேன். அதற்குப் பதில் கதவு திறந்தது. ஒரு கையில் வில்லோடு அவள் கிரிலைத் தள்ளினாள். நடைவழி முழுக்க மனிதர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னொண்ணு வாசி தங்கச்சி," என்றார் மச்சான். பேத்தி மறுபடி தூங்கிவிட்டதால் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.

"அடுத்த மாசம் கோயிலுக்கு வந்து கேளுங்க," என்றாள் அவள். "இப்ப உள்ள வாங்க எல்லாரும். டீ ஆறுது."

யாரும் எழுந்திருக்கவில்லை.